1.4 லட்சம் கி.மீ ஓடின பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எந்த வேலைக்குப் பணம் போடணும், எதை விட்டுடலாம்?

செகண்ட் ஹேண்ட் கார் பத்தி நம்ம சேனல்ல எப்ப பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வரும். ஆளும் காரும் மாறும், கேள்வி மட்டும் மாறாது. "மாசச் சம்பளம் 65,000. ஆசைப்பட்டு ஒரு பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கியாச்சு. சர்வீஸுக்கு விட்டா 2 லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் கொடுக்கிறாங்க. எல்லாத்தையும் பண்ணணுமா? இல்ல, வித்துடலாமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எல்லாத்தையும் பண்ண வேண்டாம். எதையும் பண்ணாம ஓட்டவும் கூடாது. எஸ்டிமேட்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்க: "இது போனா, கூட எதைக் கூட்டிட்டுப் போகும்?" கி.மீ எவ்வளவு, காரோட இன்னைக்கு மதிப்பு எவ்வளவுங்கிறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

பேச்சு தெளிவா இருக்க ஒரு காரை எடுத்துக்கலாம். ஸ்கோடா லாரா ஆர்எஸ். 2011-ல இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 160 பிஎஸ், 6 ஸ்பீடு மேனுவல். ரெண்டு கதவு, ரெண்டு சீட்தான் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க. ஆனா நம்ம சம்பளத்துக்கு எட்டுற ஸ்போர்ட்ஸ் கார் இந்த வகைதான்: லாரா ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ, அபார்த் புன்டோ. நம்ம உதாரணக் கார் 2012 மாடல், 1.4 லட்சம் கி.மீ, இன்னைக்கு வித்தா 4.5 லட்சம்னு வச்சுக்கலாம். கீழ வர்ற ரூபாய்க் கணக்கெல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது. உங்க ஊர்ல, உங்க கராஜ்ல மாறும்.

கார் விலை இறங்கிடும், பார்ட்ஸ் விலை இறங்காது

இந்த மாதிரி கார்களை வாங்கும்போது எல்லாரும் பார்க்கிறது வாங்குற விலையை மட்டும்தான். "புது ஹேட்ச்பேக் விலைக்கும் கம்மியா 160 பிஎஸ் கிடைக்குதே!" உண்மைதான், கிடைக்குது. ஆனா விலை இறங்கினது காருக்கு மட்டும்தான். அந்த காரோட டைமிங் செயின், கன்ட்ரோல் ஆர்ம், டர்போ எல்லாம் இன்னமும் பெரிய கார் விலையிலதான் விக்குது. லேபரும் அப்படித்தான். அதனால 4.5 லட்சம் ரூபாய் காருக்கு மெயின்டனன்ஸும் 4.5 லட்சம் ரூபாய் கார் மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்தா, முதல் எஸ்டிமேட்லயே அதிர்ச்சி ஆகத்தான் செய்யும்.

அபார்த் புன்டோ மாதிரி கார்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தியாவுல ஃபியட் பிராண்ட் கார் விற்பனையே நின்னு போச்சு. சில பார்ட்ஸுக்கு விலையை விட காத்திருப்புதான் பெரிய செலவு. கார் ஒரு மாசம் ஷெட்ல நின்னா ஆஃபீஸுக்கு ஆட்டோ, கேப் செலவு யார் கொடுப்பாங்க? அதையும் கணக்குல சேருங்க.

"காரே 4.5 லட்சம், அதுக்கு 1 லட்சம் செலவா?"

வீட்ல கேட்பாங்க, ஆஃபீஸ்ல கேட்பாங்க. ஆனா இந்த ஒப்பீடே சரியில்லைங்கிறது என் கருத்து. ஒரு ரிப்பேர் லாபமா நஷ்டமான்னு காரோட விலையை வச்சு முடிவு பண்ண முடியாது. அந்த ரிப்பேர் பண்ணலைன்னா நீங்க அடுத்து என்ன பண்ணுவீங்க, அதுக்கு மாசம் எவ்வளவு ஆகும்? அதோடதான் ஒப்பிடணும்.

பழசை விட்டுட்டு ஒரு புதுக் கார் எடுக்கறீங்கன்னு வைங்க. ஆன்ரோடு 14 லட்சம். கையில இருந்து 2 லட்சம், லோன் 12 லட்சம், 9% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 24,900. அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் 2.95 லட்சம் கிட்ட. மொத்தம் உங்க கையை விட்டுப் போறது 16.95 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு அந்த காரை 6.5 லட்சத்துக்கு வித்தீங்கன்னா, நிகரச் செலவு 10.45 லட்சம். அதாவது மாசம் 17,400. சர்வீஸுக்கு மாசம் 800 சேர்த்தா 18,200.

இப்ப பழைய லாரா. இன்னைக்கு 4.5 லட்சம், அஞ்சு வருஷம் கழிச்சு 2 லட்சம். இறங்கினது 2.5 லட்சம். இப்ப உடனே செய்ய வேண்டிய வேலை 1.25 லட்சம் (இது எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன்). அதுக்கப்புறம் மாசம் 7,000 வீதம் மெயின்டனன்ஸுக்கு எடுத்து வைக்கிறோம், அஞ்சு வருஷத்துக்கு 4.2 லட்சம். மொத்தம் 7.95 லட்சம். மாசம் 13,250. பெட்ரோலையும் பாருங்க. மாசம் 800 கி.மீ ஓட்டினா, லிட்டருக்கு 10 கி.மீ கொடுக்கிற காருக்கு 80 லிட்டர், 16 கொடுக்கிற காருக்கு 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னா மாசம் 3,000 கூடுதல். ஆக 16,250.

18,200-க்கும் 16,250-க்கும் வித்தியாசம் வெறும் 2,000 ரூபாய்தான். அதனால "காசு மிச்சம் பண்ணத்தான் பழைய கார் வச்சிருக்கேன்"னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். பணம் மட்டும்தான் கணக்குன்னா, ஒரு சின்ன ஹேட்ச்பேக் இது ரெண்டையும் ஜெயிச்சிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறது ஓட்டுற சுகத்துக்காக. அதுல தப்பில்லை. ஆனா அந்த 16,250 ஒரு நிபந்தனையோட வர்ற நம்பர்: இன்ஜின் போகக் கூடாது. போச்சுன்னா கணக்கு ஒரே நாள்ல கவிழ்ந்துடும். அதனாலதான் எந்த வேலையை முதல்ல பண்றோம்ங்கிறது இவ்வளவு முக்கியம்.

ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வி

எஸ்டிமேட்டை கையில வச்சுக்கிட்டு மெக்கானிக் கிட்ட உட்காருங்க. ஒவ்வொரு வரிக்கும் கேளுங்க.

ஒண்ணு: இது போனா ஆளுக்கு ஆபத்தா, இன்ஜினுக்கு ஆபத்தா, இல்ல வெறும் தொந்தரவா?

ரெண்டு: இது சொல்லிட்டுப் போகுமா, சொல்லாமப் போகுமா? கிளட்ச் மாசக் கணக்குல அறிகுறி காட்டும். டைமிங் பெல்ட் ஒரு சத்தமும் இல்லாம அறுந்துடும்.

மூணு: இதுக்காக கழட்டும்போது வேற எதை அதே லேபர்ல முடிச்சுடலாம்?

இந்த மூணுக்கும் பதில் சொல்ல முடியாம "எல்லாம் மாத்திடுங்க சார், வண்டி பழசு"ன்னு மட்டும் சொல்றவர்கிட்ட பெரிய வேலையைக் கொடுக்காதீங்க. இன்னொரு கராஜ்ல காட்டுங்க. செக்கப்புக்குன்னு 2,000, 3,000 ரூபாய் தனியா கொடுக்க யோசிக்கவே வேண்டாம். வேலை எடுக்கிறவரும் செக் பண்றவரும் வேற வேற ஆளா இருந்தா இன்னும் நல்லது.

முதல் கட்டு: உயிர் சம்பந்தப்பட்டது

டயர், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன். இதுல பேரம் கிடையாது, தள்ளிப்போடறதும் கிடையாது.

டயர்ல பட்டன் மட்டும் பார்க்காதீங்க. 1.6 மி.மீக்குக் கீழ போனா சட்டப்படியே ஓட்டக் கூடாது. அதோட வயசையும் பாருங்க. டயரோட பக்கவாட்டுல கடைசி நாலு இலக்க நம்பர் இருக்கும். 2318-னு இருந்தா 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. கம்மியா ஓடற ஸ்போர்ட்ஸ் கார்ல பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் செக் பண்ணுங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி. ஈரம் ஏறினா அதுக்கான குறைந்தபட்ச அளவே 155 டிகிரிதான். ஏற்காடு மலைப்பாதையில இறங்கும்போது ஆயில் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறதுக்கு ஆகிற செலவு ரொம்பக் கம்மி. ஆனா நிறைய பழைய கார்ல இதை யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க.

சஸ்பென்ஷன்ல கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட். இங்க வரிசை முக்கியம். முதல்ல புஷ், அப்புறம் அலைன்மென்ட், கடைசியா புது டயர். தலைகீழா பண்ணினா புது டயரோட உள் ஓரம் சீக்கிரமே தேய்ஞ்சு, காசு ரோட்ல கரையும்.

ரெண்டாவது கட்டு: இன்ஜினைக் கொல்லக்கூடியது

லாரா ஆர்எஸ்ல இருக்கிற 1.8 டிஎஸ்ஐ இன்ஜின்ல பெல்ட் கிடையாது, டைமிங் செயின். "செயின்னா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு சொல்வாங்க. இந்த இன்ஜின் குடும்பத்துல செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்தான் தெரிஞ்ச பலவீனம். அது விட்டுடுச்சுன்னா செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டன்ல இடிக்கும், இன்ஜின் காலி. காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம் வந்தா அலட்சியம் வேண்டாம். சத்தம் வரலைன்னாலும், ஒரு சின்ன பிளக்கைக் கழட்டி டென்ஷனர் எவ்வளவு வெளியே நீண்டிருக்குன்னு பார்க்க முடியும். பழைய டிசைன் டென்ஷனரா, திருத்தின டிசைனான்னும் தெரிஞ்சுடும். முதல்ல பாருங்க, பார்த்துட்டு மாத்துங்க. அபார்த் புன்டோவோட 1.4 டர்போல பெல்ட். அங்க கி.மீயோட வருஷக் கணக்கும் பார்க்கணும். மாத்தினதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம்.

அடுத்தது கூலன்ட். லாரால தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் பிளாஸ்டிக் ஹவுசிங்ல இருக்கு. வயசாக ஆக வெடிச்சு கசியும். கூலன்ட் லெவல் மாசாமாசம் இறங்குதுன்னா ஊத்திக்கிட்டே ஓட்டாதீங்க. டெம்பரேச்சர் ஏறினா உடனே ஓரங்கட்டி நிறுத்துங்க. "வீடு வரைக்கும் போயிடலாம்"னு ஓட்டற அந்த 5 கி.மீல சிலிண்டர் ஹெட் வளைஞ்சுடும்.

இன்ஜின் ஆயில். இந்த தலைமுறை இன்ஜின் ஆயில் குடிக்கும்னு பேர் வாங்கினது. 1,000 கி.மீக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. காசே செலவில்லாத மெயின்டனன்ஸ் இதுதான், ஆனா பெரும்பாலும் யாரும் செய்யறதில்லை. மேனுவல்ல சொல்ற தரத்துல ஆயில் ஊத்துங்க. பழைய டர்போ இன்ஜினுக்கு 7,500-ல இருந்து 10,000 கி.மீக்குள்ள, இல்லைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது என் பரிந்துரை.

கடைசியா, செக் இன்ஜின் லைட். நிலையா எரிஞ்சா சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. கண் சிமிட்டினா உடனே நிறுத்துங்க. பெரும்பாலும் ஒரு இக்னிஷன் காயில் போயிருக்கும், அது சின்ன செலவு. அப்படியே ஓட்டினா எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் எரிச்சுடும், அது பெரிய செலவு.

பழைய ஃபியூயல் ஹோஸ், கேஸ்கெட்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. இப்ப பங்க்ல வர்றது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 மாடல் கார் அதை நினைச்சு செஞ்சது இல்லை.

மூணாவது கட்டு: கண்காணிக்கலாம், காத்திருக்கலாம்

கிளட்ச் இதுக்கு நல்ல உதாரணம். அஞ்சாவது கியர்ல ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் முடியப் போகுது. அதுவரைக்கும் "1.4 லட்சம் ஓடிடுச்சு"ங்கிற ஒரே காரணத்துக்காக மாத்த வேண்டியதில்லை. ஆனா மாத்தற நாள்ல கியர்பாக்ஸை இறக்கற லேபர்தான் பெரிசு. அதனால ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல், தேவைப்பட்டா ஃப்ளைவீல், எல்லாத்தையும் அதே தடவையில முடிச்சுடுங்க.

இன்டேக் வால்வுல கார்பன் படியறதும் இப்படித்தான். இந்த இன்ஜின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது, வால்வு மேல படாது. அதனால டேங்க்ல ஊத்துற கிளீனர் பாட்டில் அந்த கார்பனைத் தொடவே தொடாது. ஐடில்ல உதறல், பிக்கப் குறையறதுன்னு அறிகுறி வந்தா கழட்டி சுத்தம் பண்ணுங்க. வரலைன்னா விடுங்க.

போலோ ஜிடி டிஎஸ்ஐ வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி. அதுல இருக்கிற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி டிரை கிளட்ச் வகை. டிராஃபிக்ல இன்ச் இன்ச்சா ஊர்ந்தா சூடாகும். உதறல் இருந்தா கிளட்ச்சா, மெக்கட்ரானிக் யூனிட்டான்னு ஸ்கேன்ல தெளிவா தெரிஞ்ச பிறகு மட்டும் பணம் கட்டுங்க. ரெண்டுக்கும் செலவு வேற வேற.

நாலாவது கட்டு: வேண்டாம்

இன்ஜின் ஃப்ளஷ், அண்டர்பாடி கோட்டிங், நல்லா வேலை செய்யற ஏசிக்கு "கிளீனிங் பேக்கேஜ்". மேனுவல்ல இல்லாத எந்த பேக்கேஜுக்கும் "எதுக்கு?"ன்னு கேளுங்க. அதை விட முக்கியம், ரீமேப். டென்ஷனரை செக் பண்ணாம, எட்டு வருஷ டயரோட, ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ண காசு தேடற தம்பிகளுக்கு சொல்றேன்: 160 பிஎஸ்ஸைத் தாங்க வேண்டிய பார்ட்ஸே பலவீனமா இருக்கும்போது 200 பிஎஸ் எதுக்கு?

இப்ப எஸ்டிமேட்டைப் பிரிப்போம்

மொத்தம் 2.4 லட்சம். புஷ், பால் ஜாயின்ட், அலைன்மென்ட் 22,000. நாலு டயர் 40,000. பிரேக் பேட், ஆயில் 14,000. டைமிங் செயின் கிட் 45,000. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கூலன்ட் 24,000. கிளட்ச், ஃப்ளைவீல் 60,000. கார்பன் கிளீனிங் 15,000. மத்த பேக்கேஜ் எல்லாம் 20,000.

செக் பண்ணினதுல ரெண்டு டயர்தான் மோசம், டென்ஷனர் நீண்டிருக்கு, கூலன்ட் கசியுது, கிளட்ச் இன்னும் பிடிக்குதுன்னு வைங்க. உடனே செய்ய வேண்டியது: சஸ்பென்ஷன் 22,000, பிரேக் 14,000, ரெண்டு டயர் 20,000, செயின் 45,000, கூலிங் 24,000. மொத்தம் 1.25 லட்சம். அடுத்த ரெண்டு டயரும் கிளட்ச்சும் 80,000, அறிகுறி வரும்போது. கார்பன் 15,000, தேவைப்பட்டா. மீதி 20,000, வேண்டாம். மாசம் 7,000 எடுத்து வச்சா வருஷத்துக்கு 84,000, அந்த 80,000-க்கு சரியா இருக்கும்.

பணம் எங்கிருந்து வரணும்?

கார் இன்சூரன்ஸ் கொடுக்கும்னு நினைக்காதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண பாலிசில வராது. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க, அது வேலை போனா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா எடுக்கறதுக்கு. காருக்குன்னு தனியா ஒரு ஆர்டி இல்ல லிக்விட் ஃபண்ட், சம்பளம் வந்த மறுநாளே 7,000 ரூபாய். எஸ்ஐபி போடற அதே ஒழுக்கம் இதுக்கும் வேணும்.

முதல் ரெண்டு கட்டு வேலைக்கே கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, மாசம் 3%-க்கு மேல வட்டி கட்டற நிலைமைன்னா, என் பதில் ஒண்ணுதான்: வித்துடுங்க. என்ன வேலை பாக்கி இருக்குன்னு வாங்கறவர்கிட்ட உண்மையைச் சொல்லி வில்லுங்க. அதே மாதிரி, தினமும் ஆஃபீஸுக்குப் போக இது ஒரே வண்டின்னாலும் நல்லா யோசிங்க. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவருக்கு பக்கத்துல ஒரு ஸ்கூட்டராவது இருக்கணும்.

ஆர்சியையும் எடுத்துப் பாருங்க. தனியார் காருக்கு 15 வருஷம். 2012-ல ரிஜிஸ்டர் ஆனது 2027-ல முடியும். ஃபிட்னஸ் பார்த்துட்டு 5 வருஷம் நீட்டிப்பாங்க, கட்டணமும் வரியும் தனி. பெரிய வேலைக்குப் பணம் போடறதுக்கு முன்னாடி, ரின்யூவல் பண்ணி வச்சுக்கப் போறீங்களான்னு முடிவு பண்ணிடுங்க. வச்சுக்கப் போறீங்கன்னா செயின் கிட்டுக்குப் போடற 45,000 அஞ்சாறு வருஷத்துக்குப் பிரியும். ஆறே மாசத்துல விக்கப் போறீங்கன்னா அது வேற கணக்கு.

இந்த வாரக் கடைசியில காசு செலவில்லாம நாலு விஷயம் பண்ணுங்க. டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. கூலன்ட் லெவலுக்கு நேரா ஒரு மார்க் போட்டு வைங்க. நாலு டயரோட தேதியையும் போன்ல ஃபோட்டோ எடுங்க. பழைய சர்வீஸ் பில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு, எது எப்ப மாத்தினதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அடுத்த எஸ்டிமேட் வரும்போது அந்தப் பேப்பரோட போய் உட்காருங்க.

உங்க கார் மாடல், வருஷம், கி.மீ, எஸ்டிமேட் வரிகளை வீடியோவுக்குக் கீழ போடுங்க. எது எந்தக் கட்டுல வரும்னு அடுத்த வீடியோல பிரிச்சுப் பார்க்கலாம்.